இரண்டு நாளில் சோழர் தஞ்சை: எதை, எந்த நேரத்தில், எப்படிப் பார்ப்பது

தஞ்சாவூரைப் பார்க்க இரண்டு நாள் போதும். ஆனால் அந்த இரண்டு நாளையும் வெயிலும் நடை சாத்தும் நேரமும்தான் கூறு போடுகின்றன. இடங்களை வரிசையாக எழுதி ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே போகும் திட்டம் இங்கே முதல் நாள் நண்பகலிலேயே சரிந்துவிடும். வெளியூரிலிருந்து வருபவர்களில் பலர் அறை எடுத்து, குளித்து, டிபன் முடித்துப் பத்தரை மணிக்குப் பெரிய கோயில் வாசலுக்கு வருகிறார்கள். அதற்குள் தளத்தில் பதித்த கல் சுட ஆரம்பித்திருக்கும். வரிசையில் நின்று சாமி கும்பிட்டு வெளியே வந்தால் மணி பன்னிரண்டு ஆகியிருக்கும். வெறுங்காலோடு விமானத்தை, அதாவது கருவறை மேல் எழும் கோபுரத்தை, சுற்ற முடியாமல் நிழலுக்கு ஓடி, இரண்டு படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். ஆயிரம் ஆண்டுக் கட்டடத்தின் நான்கு பக்கத்தில் ஒரு பக்கத்தைத்தான் அவர்கள் பார்த்திருப்பார்கள்.

கருவறை பகல் 12.30 வாக்கில் சாத்தப்பட்டு மாலை 4 மணிக்குத்தான் திறக்கும். ஆகவே காலையும் மாலையும் கோயிலுக்கு, நடுப்பகல் கூரைக்கடியில் உள்ள இடங்களுக்கு. அரண்மனை, கலைக்கூடம், சரஸ்வதி மகால் மூன்றும் பகல் வேளைக்கென்றே அமைந்தவை போல ஒரே வளாகத்தில் இருக்கின்றன. இரண்டு நாளுக்கு மூன்று கோயில், ஓர் அரண்மனை என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். தஞ்சைப் பெரிய கோயில் 1987-இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. கங்கைகொண்ட சோழபுரமும் தாராசுரமும் 2004-இல் அதனுடன் சேர்க்கப்பட்டன. இந்த மூன்றையும் ஒழுங்காகப் பார்த்தாலே இரண்டு நாள் நிறைந்துவிடும். நவக்கிரகத் தலங்களையும் இதே பயணத்தில் முடித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அது வேறு பயணம், அதற்கு வேறு வேகம்.

எந்த மாதம், எந்தக் கிழமை

தையும் மாசியும் சிறந்தவை. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை டெல்டாவை நனைத்தெடுக்கும். தாராசுரம் கோயில் தாழ்வான இடத்தில் இருப்பதால், நல்ல மழைக்குப் பிறகு அடித்தளத்தைச் சுற்றித் தண்ணீர் தேங்கி, பார்க்க வேண்டிய சிறு சிற்பங்கள் இருக்கும் வரிசையே எட்டாமல் போய்விடும். சித்திரை, வைகாசியில் காலை ஒன்பது மணிக்கு மேல் திறந்த வெளியில் நிற்பது கடினம். மார்கழியில் வெயில் இதம்தான். ஆனால் சபரிமலைக்கும் மேல்மருவத்தூருக்கும் போகும் பேருந்துகள் வழியில் பெரிய கோயிலுக்கும் வந்து நிற்கும், வளாகம் நிரம்பி வழியும்.

தேதி குறிக்கும் முன் நாட்காட்டியில் மூன்று விஷயம் பாருங்கள். ஒன்று, முகூர்த்த நாள். அன்று தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் அறையும் கிடைக்காது, வாடகைக் காரும் கிடைக்காது. இரண்டு, பிரதோஷம். அன்று மாலை நந்திக்கு அபிஷேகம் நடக்கும். அதைக் காணவே வருகிறீர்கள் என்றால் நல்லது, சிற்பம் பார்க்க வருகிறீர்கள் என்றால் அந்த மாலையைத் தவிர்த்துவிடுங்கள். மூன்று, புதன்கிழமை. சரஸ்வதி மகால் அருங்காட்சியகத்துக்கு அன்று விடுமுறை. வியாழன், வெள்ளி இரண்டும் சேர்ந்து அமைந்தால் நல்லது.

ஜனவரியில் திருவையாற்றில் தியாகராஜ ஆராதனை நடக்கும் நாட்களிலும், ஐப்பசிச் சதயத்தில் இராஜராஜன் பிறந்த நாள் விழாவின் போதும் அறைக்கு முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். 2028 மாசியில் கும்பகோணத்தில் மகாமகம். அந்த வாரங்களில் இந்தத் திட்டத்தையே எடுக்காதீர்கள்.

வருவது, தங்குவது, திரும்புவது

சென்னை எழும்பூரிலிருந்து உழவன் எக்ஸ்பிரஸ் இரவில் கிளம்பி விடியற்காலையில் தஞ்சாவூர் சேர்க்கும். இந்தப் பயணத்துக்கு அதுதான் மிகப் பொருத்தம், ஏனென்றால் முதல் நாள் காலை முழுதாகக் கையில் கிடைக்கும். விமானத்தில் வருபவர்களுக்குத் திருச்சி விமான நிலையம், அங்கிருந்து சாலையில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். வெளியூர்ப் பேருந்துகள் பெரும்பாலும் புதிய பேருந்து நிலையத்தில் இறக்கிவிடும். அது ஊருக்கு வெளியே இருக்கிறது. அங்கிருந்து பழைய பேருந்து நிலையத்துக்கு நகரப் பேருந்து உண்டு.

அறையை ரயில் நிலையத்துக்கும் பெரிய கோயிலுக்கும் இடையில் எடுங்கள். புதிய பேருந்து நிலையம் பக்கம் வாடகை குறைவாகத் தெரியலாம். ஆனால் காலையும் மாலையும் ஆட்டோவுக்குக் கொடுப்பதில் அது சமமாகிவிடும், விடியற்காலையில் ஆட்டோ கிடைக்காத சிக்கல் வேறு. பதிவு செய்யும்போதே தொலைபேசியில் கூப்பிட்டு "காலை ஆறு மணிக்கு அறை தருவீர்களா" என்று கேட்டு உறுதி செய்யுங்கள். பல விடுதிகளில் நாள் கணக்கு பகல் 12-க்குத்தான் தொடங்கும். ஆறு மணிக்கு அறை இல்லையென்றால் பையை மட்டும் வரவேற்பில் வைத்துவிட்டு, குளிக்க ஒரு குளியலறையாவது கேளுங்கள். பெரும்பாலும் கொடுப்பார்கள்.

திரும்பும் டிக்கெட்டைத் தஞ்சாவூரிலிருந்து எடுக்காமல் கும்பகோணத்திலிருந்து எடுங்கள். சென்னைக்குப் போகும் உழவன் இரவு ரயில் கும்பகோணம் வழியாகத்தான் போகிறது. இரண்டாம் நாள் மாலை நீங்கள் தாராசுரத்தில் இருப்பீர்கள். அங்கிருந்து கும்பகோணம் ரயில் நிலையம் சில கிலோமீட்டர்தான். இதற்காகத் தஞ்சாவூருக்குத் திரும்பி வருவது வீண். இரண்டாம் நாள் காலையிலேயே அறையைக் காலி செய்து பையை வண்டியில் போட்டுக்கொள்ளுங்கள்.

முதல் நாள் காலை: பெரிய கோயில்

ஆறரை மணிக்குள் வாசலில் இருங்கள். செருப்பை வெளியே விட வேண்டும், நுழைவுக் கட்டணம் இல்லை. பையில் ஒரு பருத்தி காலுறை, ஒரு சிறு டார்ச், இருந்தால் ஒரு தொலைநோக்கி, தண்ணீர், இவ்வளவு போதும். காலுறை எதற்கென்றால், காலை ஒன்பதரைக்கு மேல் வளாகத்தில் ஒரு நிழலிலிருந்து இன்னொரு நிழலுக்குப் போக அது உதவும். சன்னிதிக்குள் போகும்போது கழற்றிவிடுங்கள். ட்ரைபாட் வைத்துப் படம் எடுக்கத் தொல்லியல் துறையின் அனுமதி வேண்டும், ட்ரோன் பறக்கவிடக் கூடாது, கருவறைக்குள் எந்தப் படமும் எடுக்கக் கூடாது.

முதலில் வருவது மராட்டியர் காலத்து நுழைவாயில். அடுத்து இராஜராஜனின் சேர நாட்டு வெற்றியைச் சொல்லும் கேரளாந்தகன் திருவாசல். மூன்றாவது இராஜராஜன் திருவாசல், கேரளாந்தகனை விட உயரம் குறைந்தது. கூட்டத்தோடு சேர்ந்து இந்த மூன்றாவது வாசலைக் கடந்து ஓடிவிடாதீர்கள். அங்கே கால் மணி நேரம் நில்லுங்கள். இரண்டு பக்கமும் நிற்கும் துவாரபாலகர் ஒவ்வொருவரும் ஒரே கல்லில் செதுக்கப்பட்டவர். காலடியில் குனிந்து பாருங்கள்: ஒரு பாம்பு யானையை விழுங்கிக்கொண்டிருக்கும். யானை எவ்வளவு பெரியது என்பது நமக்குத் தெரியும். அதையே விழுங்கும் பாம்பு என்றால் எவ்வளவு பெரியது, அந்தப் பாம்பு காலடியில் சிறிதாகத் தெரிகிறது என்றால் காவலர் எவ்வளவு பெரியவர். அவர் கையோ வியப்போடு உள்ளே இருப்பவரைச் சுட்டுகிறது. விமானத்தைப் பார்ப்பதற்கு முன்பே அதன் அளவை நம் மனத்தில் ஏற்றிவிடும் ஏற்பாடு இது. வாசலின் அடிப்பகுதியில் மார்க்கண்டேயன், கண்ணப்பர், அர்ச்சுனன் தவம் ஆகிய கதைகள் சிறு சிற்பங்களாக ஓடுகின்றன. பெரும்பாலோர் பார்க்காமலே கடக்கும் பகுதி இது.

உள்ளே வந்ததும் கருவறைக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு வாருங்கள். காலையில் வரிசை சிறியதாக இருக்கும். பிறகு விமானத்தை வலமாகச் சுற்றத் தொடங்குங்கள். கோயில் கிழக்கு பார்த்தது. காலை வெயில் கிழக்கு முகத்தில் நேராக விழும். குளிர்கால மாதங்களில் தென்சுவரில் பக்கவாட்டாகச் சாய்ந்து விழும், அப்போதுதான் சிற்பத்தின் ஆழம் தெரியும். மேற்குச் சுவரை மாலைக்கு விட்டுவிடுங்கள். வடசுவருக்குப் புரட்டாசி முதல் வாரத்திலிருந்து பங்குனி முதல் வாரம் வரை நேர்வெயிலே கிடையாது. அங்கே டார்ச்தான் துணை.

சுவரில் மாடங்கள் இரண்டு அடுக்காக இருக்கும். கீழ் அடுக்கில் ஒவ்வொன்றும் வேறு வேறு வடிவம்: பிச்சாடனர், ஆடவல்லான், தட்சிணாமூர்த்தி, அர்த்தநாரி, கங்காதரர். மேல் அடுக்கை அண்ணாந்து பார்த்தால் கையில் வில்லோடு ஒரே வடிவம் சுற்றிலும் திரும்பத் திரும்ப வரும். அது முப்புரம் எரித்த திரிபுராந்தகர். ஒரு போர்வீரன் கட்டிய கோயில் என்பதை இதைவிடத் தெளிவாக எதுவும் சொல்லாது. தொலைநோக்கி இங்கேதான் வேலை செய்யும்.

அடுத்தது கல்வெட்டு. தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் இந்தக் கோயிலுக்கு வந்து கல்வெட்டில் நான்கு எழுத்தாவது படிக்காமல் திரும்புவது பெரிய இழப்பு. வழி கடினமில்லை. விமானத்தின் அடித்தளத்திலும் சுவரிலும் வரி வரியாக எழுத்து ஓடும் இடத்தில், கண் மட்டத்தில் தெளிவாகத் தெரியும் ஒரு பகுதியைத் தேர்ந்தெடுங்கள். டார்ச்சைக் கல்லுக்கு நேரே பிடிக்காமல், கல்லை ஒட்டிப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். வெட்டின் ஒரு கரை இருண்டு எழுத்து எழுந்து வரும். க, ட, ப, ம, ர, வ ஆகிய எழுத்துகள் இன்றைய வடிவத்துக்கு நெருக்கமானவை, அவற்றை முதலில் பிடியுங்கள். மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. எகரம் ஏகாரம், ஒகரம் ஓகாரம் வேறுபாடும் இருக்காது. ஸ, ஜ, ஸ்ரீ போன்றவை கிரந்த எழுத்தில் இருக்கும். வாக்கியம் பெரும்பாலும் "ஸ்வஸ்திஸ்ரீ" என்று தொடங்கும். அதைக் கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அதைத் தொடர்ந்து "திருமகள் போல" என்று வந்தால் இராஜராஜனின் மெய்க்கீர்த்தி, அதாவது அரசனின் புகழுரை, "திருமன்னி வளர" என்று வந்தால் இராஜேந்திரனுடையது. இந்த இரண்டு தொடக்கங்களையும் கைப்பேசியில் எழுதிக்கொண்டு போங்கள். கங்கைகொண்ட சோழபுரத்திலும் உதவும்.

இராஜராஜனின் ஆணை ஒன்று இப்படிப் போகிறது: "நாங் குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும் மற்றும் குடுத்தார் குடுத்தனவும்" கல்லிலே வெட்டுக என்று. அக்கன் என்பது குந்தவை. பேரரசன் தன் கொடையையும் அக்காவின் கொடையையும் பெயர் தெரியாத பிறரின் கொடையையும் ஒரே வாக்கியத்தில் வைத்தான். அதன்படியே கோயிலில் ஆடிய நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர், எந்த ஊரிலிருந்து வந்தார்கள், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு என்பது வரை கல்லில் இருக்கிறது. விமானத்தின் உச்சிக்குப் பொன் வேய்ந்த செப்புக் குடம் கொடுத்தது இருபத்தைந்தாம் ஆட்சியாண்டின் 275-ஆம் நாள், அதாவது 1010-இல். கல்வெட்டில் கை வைத்துத் தேய்க்காதீர்கள். எழுத்து தெளிவாகத் தெரிய மாவோ சுண்ணமோ பூசாதீர்கள், அது கல்லின் துளைகளில் தங்கிவிடும்.

விமானத்தை முடித்ததும் மதிலை ஒட்டி ஓடும் தூண் வரிசையான திருச்சுற்று மாளிகை நிழலில் நடக்கலாம். எல்லாமே சோழர் காலம் என்று எண்ணிவிடக் கூடாது. இன்றைய பெரிய நந்தியும் அதன் மண்டபமும் நாயக்கர் காலம். அம்மன் சன்னிதி பதின்மூன்றாம் நூற்றாண்டுப் பாண்டியர் பணி. வடமேற்கில் இருக்கும் சுப்பிரமணியர் கோயில் நாயக்கருடையது. மரத்தில் இழைத்தது போன்ற அதன் நுணுக்கத்தையும், சோழர் விமானத்தின் பெரிய வீச்சையும் ஐந்து நிமிட இடைவெளியில் பார்த்தால் இரண்டு காலங்களின் மனப்பாங்கும் கண்ணுக்குப் பிடிபடும். தென்மேற்கில் பிள்ளையார் சன்னிதி அருகே சுவரில் மராத்தி எழுத்து நிறைந்திருக்கும். மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி காலத்தில், 1803-இல் வெட்டப்பட்ட அவருடைய போன்சலே வம்ச வரலாறு அது.

உட்சுற்றிலுள்ள சோழர் கால ஓவியங்களையும், மேல்தளத்தில் பாதியில் நின்றுபோன 81 நடனக் கரணச் சிற்பங்களையும் நேரில் பார்க்கப் பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. கூட்டிப்போகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் நம்பாதீர்கள். அவற்றின் படங்கள் வளாகத்திலேயே உள்ள தொல்லியல் துறையின் விளக்கக் கூடத்தில் இருக்கின்றன. அந்த ஓவியங்கள் பின்னாளைய நாயக்கர் பூச்சுக்கு அடியில் மறைந்திருந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.கே. கோவிந்தசாமி 1931-இல் கண்டுபிடித்தவை.

வழிகாட்டி வைத்துக்கொள்வதானால் சுற்றுலாத் துறை அடையாள அட்டை இருக்கிறதா என்று பாருங்கள், தொகையை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். பிறகு ஒரு கேள்வி கேளுங்கள்: "விமானத்தின் நிழல் தரையில் விழுமா?" விழாது என்று சொல்பவரை நாகரிகமாக அனுப்பிவிடுங்கள். நிழல் நன்றாக விழும், மாலையில் கிழக்குப் பக்கம் நின்றால் நீங்களே பார்க்கலாம். உச்சியில் இருப்பது எண்பது டன் எடையுள்ள ஒரே கல் என்பதும் அப்படித்தான், அது பல கற்களைச் சேர்த்துக் கட்டியது. இந்தக் கோயிலின் பெருமைக்கு இல்லாத கதை எதுவும் தேவையில்லை. பல துண்டுகளை அந்த உயரத்தில் இழை பிசகாமல் பொருத்தியதே போதுமான அதிசயம்.

நடுப்பகல்: அரண்மனை வளாகம்

பத்தரைக்குள் கோயிலை விட்டு வெளியே வந்து ஏதாவது சாப்பிட்டுவிட்டு அரண்மனைக்குப் போங்கள். ஒன்றரை கிலோமீட்டர் அளவில்தான் தூரம். ஆனால் அந்த வெயிலில் நடக்காதீர்கள், ஆட்டோ பிடியுங்கள். நாயக்கர்கள் தொடங்கி மராட்டியர்கள் விரித்த அரண்மனை இது. உள்ளே பிரிவுகள் வெவ்வேறு நிர்வாகத்தின் கீழ் இருப்பதால் டிக்கெட்டும் தனித்தனி, கேமராவுக்கும் தனி. சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். முதல் கவுன்டரில் வாங்கிய சீட்டு எல்லாவற்றுக்கும் செல்லும் என்று நினைத்து உள்ளே போய்த் திரும்பி வருவது அங்கே தினமும் நடக்கிறது.

நேரம் குறைவாக இருந்தால் கலைக்கூடத்தை மட்டும் பாருங்கள், மற்றதை விட்டாலும் பரவாயில்லை. செப்புத் திருமேனிகள் இருக்கும் கூடத்துக்கு நேராகப் போய், திருவெண்காட்டில் கிடைத்த ரிஷபவாகனரை, காளை மேல் கை சாய்த்து நிற்கும் சிவனை, தேடுங்கள். 1011-ஆம் ஆண்டு, அதாவது பெரிய கோயில் முடிந்ததற்கு அடுத்த ஆண்டு. காளை இப்போது இல்லை, அது தொலைந்துவிட்டது. ஒரு காலை மற்றதன் முன் குறுக்கே வைத்து, இல்லாத காளையின் மேல் கையைச் சாய்த்து நிற்கிறார். சடை முடியைத் தலைப்பாகை போலச் சுற்றிக் கட்டியிருக்கிறார், அதற்குள் பாம்புகள் நெளிகின்றன. முன்னால் நின்று பார்த்தது போதாது. பக்கவாட்டில் வந்து இடுப்பு வளைவையும் அந்தக் கையின் தளர்வையும் பாருங்கள். காளையின் உயரமும் முதுகின் அகலமும் அந்தக் கையிலிருந்தே தெரிந்துவிடும். பக்கத்தில் இருக்கும் தேவி 1012-இல் சேர்க்கப்பட்டவர்.

இதே கலைக்கூடத்தில் ஒரு கல் துவாரபாலகர் இருக்கிறார். மற்ற சோழர் சிற்பங்களோடு ஒட்டாத முகமும் அணிகலனும் கொண்டவர். முதலாம் இராஜாதிராஜன் சாளுக்கியரின் கல்யாணபுரத்தை வென்று எடுத்துவந்த சிலை அது. பீடத்தில் அந்தச் செய்தி தமிழில் வெட்டப்பட்டிருக்கிறது. காலையில் பழகிய கண்ணோடு அதைப் படித்துப் பாருங்கள். இவர் வெகுகாலம் தாராசுரத்தில் நின்றவர், நாளை நீங்கள் போகப்போகும் இடம் அது.

சரஸ்வதி மகால் அருங்காட்சியகம் ஒரு கூடம்தான். பகல் ஒரு மணி வாக்கில் உணவு இடைவேளைக்கு மூடித் திறப்பார்கள். இரண்டாம் சரபோஜி சேர்த்த சுவடிகள், படங்கள், நூல்களின் ஒரு கைப்பிடியை அங்கே காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். நூலகம் ஆய்வாளர்களுக்கு, அதைப் பார்வையாளர் சுற்றிப் பார்க்க முடியாது. மராட்டிய தர்பார் கூடத்தின் வண்ணத் தூண்களை பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். மேலே ஏறும் படிகள் சில சமயம் பூட்டியிருக்கும், திறந்திருந்தால் ஏறுங்கள்.

சாப்பாட்டைப் பழைய பேருந்து நிலையத்தின் சுற்றுப்புறத்தில் ஒன்றரைக்குள் முடித்துவிடுங்கள், தாமதமானால் பொரியல் கூட்டெல்லாம் தீர்ந்துபோகும். பிறகு அறைக்குப் போய் மூன்றரை வரை படுங்கள். இந்த ஓய்வைத் திட்டத்தில் எழுதியே வையுங்கள். முதியவர்களையோ குழந்தைகளையோ அழைத்து வருபவர்களுக்கு மாலைப் பொழுது கிடைப்பதே இதனால்தான்.

முதல் நாள் மாலை

சிவகங்கைப் பூங்காவை ஒட்டி, பெரிய கோயிலுக்கு அருகிலேயே, 1779-இல் கட்டிய ஸ்வார்ட்ஸ் தேவாலயம் இருக்கிறது. பூட்டியிருந்தால் திரும்பிவிடாமல் காவலரைக் கேளுங்கள். உள்ளே ஜான் பிளாக்ஸ்மன் செதுக்கிய பளிங்குப் புடைப்புச் சிற்பம் ஒன்று உண்டு. 1798-இல் இறந்த பாதிரியார் ஸ்வார்ட்ஸ் படுக்கையில் கிடக்க, அவர் வளர்த்த இளம் சரபோஜி அருகே நிற்கும் காட்சி. காலையில் மராத்திக் கல்வெட்டிலும் நடுப்பகலில் நூலகத்திலும் கண்ட அதே சரபோஜிதான்.

இன்னும் ஒரு மணி நேரம் இருந்தால் கீழவாசல் பக்கம் பீரங்கி மேட்டுக்குப் போங்கள். இரும்புப் பட்டைகளையும் வளையங்களையும் சூடாக்கி அடித்து ஒட்டிச் செய்த நாயக்கர் காலத்துப் பீரங்கி, இருபத்தைந்து அடிக்கு மேல் நீளம். வார்த்துச் செய்யாததால் வளையங்கள் ஒன்றோடொன்று சேரும் கோடுகளை வெளியில் இருந்தே பார்க்கலாம். சுற்றுலாப் பேருந்துகள் வராத இடம். ஆட்டோக்காரரிடம் "பீரங்கி மேடு" என்று சொன்னால் போதும்.

ஐந்து மணிக்கு மீண்டும் பெரிய கோயில். காலையில் விட்டுவைத்த மேற்குச் சுவரை இப்போது பாருங்கள். பிறகு புல்வெளியில் உட்காருங்கள். வெயில் தாழும்போது கல் தன் நிறத்தை மாற்றிக்கொண்டே போகும், விளக்கு போட்டதும் வேறு கோயிலாகிவிடும். ஊர்க்காரர்கள் குடும்பத்தோடு வந்து காற்று வாங்கும் நேரமும் அதுதான்.

இரண்டாம் நாள்: கங்கைகொண்ட சோழபுரம், தாராசுரம்

தொலைவில் இருப்பதை முதலில் பாருங்கள். தஞ்சாவூரிலிருந்து கங்கைகொண்ட சோழபுரம் 70 கிலோமீட்டருக்குச் சற்று மேல். காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் எட்டு மணிக்குள் சேரலாம். காரை முந்தின நாளே பேசி, கிலோமீட்டருக்கு எவ்வளவு, ஓட்டுநர் பேட்டா சேர்த்தா, கும்பகோணத்தில் இறக்கிவிட்டால் வண்டி திரும்பும் தூரம் யார் கணக்கு என்ற மூன்றையும் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். கடைசிக் கேள்வியைக் கேட்காமல் விட்டால் மாலையில் தகராறு வரும். பேருந்தில் போவதானால் கும்பகோணம் வரை ஒன்று, அங்கிருந்து அணைக்கரை வழியாக ஜெயங்கொண்டம் போகும் பேருந்து ஒன்று. கோயிலருகே நிற்குமா என்று நடத்துநரிடம் கேட்டுவிட்டு ஏறுங்கள். பேருந்தில் போனால் இரண்டு மணி நேரம் கூடுதலாக வேண்டும்.

கங்கை வரை படை அனுப்பி வென்ற முதலாம் இராஜேந்திரன் எழுப்பிய தலைநகரம் இது. இன்று கோயிலும், சற்றுத் தொலைவில் மாளிகைமேட்டில் அகழ்ந்தெடுத்த அரண்மனையின் செங்கல் அடித்தளமும், சோழகங்கம் என்ற பெரிய ஏரியும்தான் எஞ்சியிருக்கின்றன. விமானத்தைத் தொலைவில் நின்று பாருங்கள். தஞ்சையில் ஓரம் நேர்கோடாக ஏறும், இங்கே உள்வாங்கி வளைந்து ஏறும். உயரம் தந்தையின் கோயிலை விடக் குறைவு. வடபுறப் படிக்கட்டை ஒட்டிய மாடத்தில் சண்டேசருக்கு அருள் செய்யும் சிவன் இருக்கிறார். சண்டேசர் கைகூப்பித் தலை குனிந்து உட்கார்ந்திருக்க, சிவன் பூமாலையை அவர் தலையில் சுற்றிக் கட்டுகிறார். அந்த விரல்களையும் குனிந்த முகத்தையும் பார்க்கவே இந்த 70 கிலோமீட்டர் வரலாம். எதிரே கலைமகள். வடபுறம் என்பதால் குளிர்காலத்தில் இங்கே நேர்வெயில் இராது, படத்துக்கு அது நல்லதே, நிழல் வெட்டாது. வெளியே சிங்கமுகக் கிணற்றையும் பாருங்கள். மாளிகைமேட்டுக்கு அரை மணி நேரம் போதும்.

பத்தரைக்குக் கிளம்பிக் கும்பகோணத்தில் சாப்பாடு. தாராசுரமும் நடுப்பகலில் நடை சாத்தப்படும் என்பதால் அங்கே விரைய வேண்டாம். இடையில் சுவாமிமலைக்குப் போய் மெழுகு வடிவத்தின் மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசி, மெழுகை உருக்கி வடித்து, உலோகத்தை ஊற்றும் சிற்பிகளின் பட்டறை ஒன்றைப் பாருங்கள். நேற்றுக் கலைக்கூடத்தில் கண்ட திருமேனிகள் உருவான முறை இதுவே. வாங்கியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, ஆனால் வேலை நடக்கும் போது கேட்டுவிட்டு உள்ளே போங்கள்.

தாராசுரத்துக்கு மூன்றரைக்கு வந்துவிடுங்கள். இரண்டாம் இராஜராஜன் கட்டியது, உயரத்தில் மிகச் சிறியது. தொலைநோக்கியை உள்ளே வைத்துவிடலாம். முதல் இரண்டு கோயில்களில் அண்ணாந்து பார்த்த நீங்கள் இங்கே குனிந்து பார்க்க வேண்டும். தேர் வடிவ மண்டபத்தின் சக்கரமும் குதிரையும் எல்லோருக்கும் உடனே தெரியும். அதற்குப் பிறகு கருவறைச் சுற்றின் அடித்தளத்துக்குப் போங்கள். அறுபத்து மூன்று நாயன்மாரின் கதைகள், ஒவ்வொன்றும் கை அகல உயரம்தான், வரிசையாக ஓடுகின்றன. மேலே பெயர் வெட்டியிருக்கும். சேக்கிழார் கதைகளை ஓரளவு தெரிந்து வந்தால் ஒவ்வொன்றாக அடையாளம் காணலாம். தெரியாதவர்கள் ரயிலிலேயே நான்கு கதைகளைப் படித்துவிட்டு வாருங்கள்: கண்ணப்பர், சண்டேசர், இயற்பகையார், காரைக்கால் அம்மையார். யானையும் காளையும் ஒரே தலையைப் பகிர்ந்துகொள்ளும் சிற்பத்தைக் கையால் ஒரு பாதியை மறைத்து, பிறகு மறு பாதியை மறைத்துப் பாருங்கள், குழந்தைகள் அந்த இடத்தை விட்டு வர மாட்டார்கள். தட்டினால் ஒலிக்கும் என்று சொல்லப்படும் படிகள் பலிபீடத்தருகே கம்பி வேலிக்குள் இருக்கின்றன. தட்டித் தட்டித் தேய்ந்துபோனதால்தான் வேலி. வேலிக்குள் கையை நீட்டாதீர்கள்.

ஆறு மணிக்குள் கிளம்பினால் கும்பகோணத்தில் ஒரு காபியும் இரவுச் சாப்பாடும் முடித்து ரயிலுக்கு நிதானமாகப் போகலாம். முகூர்த்த நாளில் கும்பகோணத்துத் தெருக்கள் மாலையில் அடைத்துக்கொள்ளும். அன்று மட்டும் தாராசுரத்திலிருந்து அரை மணி நேரம் முன்னதாகவே புறப்பட்டுவிடுங்கள்.